குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போனோம்: சாப்பாட்டைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லாதவை

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் போய்வந்த பிறகு, சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: சாப்பாடு எப்படி? போகும் முன்னால் நானும் போய்வந்தவர்களிடம் இதையேதான் கேட்டேன். ஒருவர் "அள்ளி அள்ளிச் சாப்பிடலாம், நாலு கிலோ ஏறித்தான் இறங்குவீங்க" என்றார். இன்னொருவர் "வாயில் வைக்க முடியாது, ரொட்டியைத் தின்னே ஓட்டினோம்" என்றார். இரண்டு பேரும் போனது ஒரே கப்பல். இப்போது என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொன்னதும் நிஜம் என்பேன். அந்தக் கப்பலில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் சாப்பிட்டீர்கள், முன்கூட்டி யாரிடம் என்ன சொல்லி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். இதை ஒருவராவது எனக்குச் சொல்லியிருந்தால் முதல் நாள் அந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன்.

எங்களுக்குச் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கணக்கு வழக்கு என் பொறுப்பு. பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை வரும் நேரம் பார்த்துப் பதிவு செய்தோம். ஆனால் தீபாவளி ஆர்டர் ஒன்று திடீரென்று பெரிதாக வந்து சேர, வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார். கப்பல் பயணத்தில் கிளம்பும் தேதி நெருங்க நெருங்க ரத்துக் கழிவு கூடிக்கொண்டே போகும். அவருடைய பங்கு 58,000 ரூபாய் அப்படியே போயிற்று. "பணம் போனாப் போகுது, நீங்க போய்ட்டு வாங்க" என்றார். சொல்வது சுலபம். மகன், மகள், என் மாமியார் என மூன்று பேரையும் நான் ஒருத்தியாகக் கூட்டிக்கொண்டு திருச்சி போய் விமானம் ஏறினேன்.

அத்தையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டில் மற்ற எல்லோரும் கறி, மீன் சாப்பிடுகிறவர்கள். அத்தை மட்டும் வள்ளலார் வழியைப் பிடித்துக்கொண்டு பல வருடங்களுக்கு முன்பே சைவத்துக்கு மாறியவர். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டார். பதிவு செய்யும்போதே ஏஜெண்டிடம் இதை அழுத்திச் சொன்னேன். "அக்கா, கப்பல் பூரா இந்தியாக்காரங்கதான், சைவம் தனியா இருக்கும், கவலையே படாதீங்க" என்றார். சிங்கப்பூர்க் கப்பல்களில் நம் நாட்டுக் கூட்டம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே இந்தியச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் வடநாட்டுச் சாப்பாடு: பனீர், தால், நான், சீரக சாதம். சாம்பாரும் ரசமும் தேடினால் கிடைக்காது. அது பரவாயில்லை. அத்தைக்குச் சைவ உணவு வேண்டும் என்ற குறிப்பையே ஏஜெண்டு கப்பல் நிறுவனத்துக்கு அனுப்பவில்லை. ஏறிய அன்று மாலை உணவகத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தவர் "உங்கள் பதிவில் எதுவும் இல்லையே" என்று சொன்னபோதுதான் எனக்கே தெரியும்.

ஆகவே ஏஜெண்டு வாயால் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். சைவம், ஜைன உணவு, ஒவ்வாமை எதுவானாலும் பயணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே பதிவு எண்ணைக் குறிப்பிட்டுக் கப்பல் நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, பதில் வாங்கி, அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் இதற்கென்றே கடைசித் தேதி வைத்திருக்கின்றன.

ஏறும் இடத்திலேயே முதல் சோதனை. விமான நிலையத்தில் செய்வதுபோல் பைகளை எந்திரத்தில் விட்டுப் பார்க்கிறார்கள். நான் கொண்டுபோன மின்சாரக் கெட்டிலை எடுத்து, அட்டை கட்டி, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். சூடேறும் கம்பி உள்ள எதையும் தீ ஆபத்து என்று அறைக்குள் விட மாட்டார்கள். அயர்ன் பாக்ஸுக்கும் அதே கதிதான். அத்தை வீட்டில் கிளறி எவர்சில்வர் டப்பாவில் அடைத்திருந்த புளிக்காய்ச்சலையும் எடுத்து வைத்துவிட்டார்கள். வீட்டில் சமைத்தது கூடாதாம். கடையில் வாங்கிய, பிரிக்காத பருப்புப் பொடிப் பாக்கெட், ஊறுகாய் சாஷே, முறுக்கு இவை எல்லாம் பிரச்சினையில்லாமல் உள்ளே வந்தன. பெரும்பாலான கப்பல்களில் இதுதான் வழக்கம். இன்னொன்று, வீட்டு மசாலாப் பொடி கொண்டுபோகிறவர்கள் கவனம்: கசகசாவுக்குச் சிங்கப்பூரில் தடை இருக்கிறது. குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

உள்ளே போனதும் எல்லோரையும் பஃபேக்கு அனுப்புகிறார்கள். மதியம், அறை இன்னும் தயாராகவில்லை, பெட்டியும் வந்து சேரவில்லை. ஆயிரக்கணக்கான பேர் கைப்பையும் பசியுமாக ஒரே கூடத்தில். கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு நாற்காலி பிடிப்பதுபோல் ஒருவர் சாப்பிடும்போதே பின்னால் வந்து நிற்கிறார்கள். நான் தட்டு எடுக்கப் போனால் பிள்ளைகளும் அத்தையும் இடத்தைக் காக்க வேண்டும். நான் திரும்பி வந்தால் மகன் ஐஸ்கிரீம் எந்திரத்தைத் தேடிப் போயிருப்பான். தட்டில் வந்ததும் சொல்லும்படி இல்லை. சூட்டுத் தட்டில் வெகுநேரம் இருந்து வறண்டுபோன சாதம், ஓரம் கருத்த நான், உப்பும் இல்லாமல் காரமும் இல்லாமல் ஒரு காலிஃபிளவர். அத்தை ஒரு வாழைப்பழமும் தயிரும் எடுத்துக்கொண்டு "எனக்குப் பசியில்ல கண்ணு" என்றார். பசியில்லை என்று அவர் சொல்வது எப்போது என்று எனக்குத் தெரியும்.

பிறகு தெரிந்துகொண்டேன், ஏறும் நாளில் பல கப்பல்களில் பெரிய உணவகத்திலும் மதியச் சாப்பாடு உண்டு, அதற்கும் தனிக்காசு கிடையாது. யாரும் கூவிச் சொல்வதில்லை. அன்றைய நிகழ்ச்சித் தாளிலோ கப்பல் செயலியிலோ சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது வாசலில் நிற்கிறவரைக் கேட்டால் சொல்வார். உட்கார வைத்துப் பரிமாறுவார்கள். முதல் நாள் பஃபேயைத் தின்றுவிட்டு "கப்பல் சாப்பாடு மோசம்" என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

அன்றிரவுதான் என்னால் மறக்க முடியாதது நடந்தது. எங்களுக்கு மாலை ஐந்தரை மணிப் பந்தி ஒதுக்கியிருந்தார்கள். சேலத்தில் ஐந்தரை என்றால் தட்டுவடை செட்டு தின்கிற நேரம், யாருக்கும் சோறு இறங்காது. இருந்தாலும் போனோம். அத்தைக்கு வெஜிடபிள் சூப் கேட்டேன். கேரட்டும் பீன்ஸுமாக நன்றாகவே இருந்தது. மதியம் பட்டினி கிடந்தவர் முழுக் கிண்ணத்தையும் குடித்தார். மகள் இன்னொரு கிண்ணம் கேட்டபோது, பரிமாறியவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், கோழி எலும்பு கொதிக்க வைத்த தண்ணீரில் செய்வதால்தான் அந்த ருசி என்று. அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'சிக்கன்' தெரியும்.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து அறைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து, கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நடுக்கடலில் வீட்டுக்காரரைக் கூப்பிடலாம் என்றால் வைஃபைக்குத் தனிக்காசு. அந்த நேரத்தில் ஏஜெண்டு மேல் வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

காலையில் மூக்கைச் சிந்திக்கொண்டு அந்தப் பெரிய உணவகத்துக்கே தனியாகப் போனேன். பரிமாறுகிறவர்களுக்கு மேலே ஹெட் வெயிட்டர் என்று ஒருவர் இருக்கிறார். எங்கள் பகுதிக்கு இருந்தவர் கோவாக்காரர். நடந்ததைச் சொன்னதும் உட்காரச் சொல்லி, ஒரு தாளை எடுத்து என்னென்ன கூடாது என்று எழுதிக்கொண்டார். 'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நிற்காதீர்கள் என்றார் அவரே. ஒரு நாட்டுக்காரர் அதில் முட்டையைச் சேர்த்துக்கொள்வார், இன்னொருவருக்கு மீன் சாஸ் கணக்கிலேயே வராது. சூப்பிலும் சாதத்திலும் எலும்பு நீர், வதக்கிய காய்கறியில் சிப்பியிலிருந்து செய்யும் ஆய்ஸ்டர் சாஸ், மலேசியச் சட்னிகளில் இறால் விழுது, ஜெல்லியிலும் மூஸ் என்ற நுரைத்த இனிப்பிலும் மாட்டு அல்லது பன்றி எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், உருளைக்கிழங்கு வறுவலுக்கும் கோழிக்கும் ஒரே எண்ணெய். இத்தனையும் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மறுநாளுக்கு என்ன வேண்டும் என்பதை முந்தைய இரவே சொல்லிவிட்டால் சமையலறையில் தனியாகச் செய்து தருவார்கள், அதற்கும் கூடுதல் காசு இல்லை. இந்த வசதி பெரும்பாலான பெரிய கப்பல்களில் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கிறது.

அன்றிரவு அத்தை முன்னால் மஞ்சள் பருப்பு, நெய், சூடான சாதம், வெண்டைக்காய் வதக்கல், அப்பளம் வந்து இறங்கியது. சமையலறையில் இருந்த இந்தியச் சமையல்காரர் செய்து அனுப்பியது. பந்தியையும் எட்டு மணிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அத்தை பருப்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு பத்தல. ஆனா செஞ்சவனுக்கு மனசு இருக்கு" என்றார். பையில் இருந்த ஊறுகாய் சாஷேயைப் பிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அப்புறம் சாப்பாட்டின் தரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க முடிந்தது. என் அபிப்பிராயம் இது. ரொட்டி வகைகள் அருமை, கப்பலிலேயே சுடுவது, காலையில் சூடாகச் சாப்பிட்டால் வேறு எதுவும் வேண்டாம். பழம், சாலட் நன்றாக இருந்தது. பஃபேயில் கண்முன்னே செய்து தரும் இடங்கள், அதாவது ஆம்லெட், நூடுல்ஸ், பாஸ்தா போடுகிறவர்கள் முன்னால் வரிசையில் நிற்பது வீண் போகாது. தட்டில் கிடப்பதைவிட அது பல மடங்கு மேல். பெரிய உணவகத்தில் வந்த மீன் பதமாக வெந்திருந்தது, ஆனால் மேட்டூர் மீனை மிளகாய் அரைத்துப் போட்டுச் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அது பத்தியச் சாப்பாடு. பிரியாணி என்று பலகை வைத்திருந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. இனிப்புகள் பார்க்க அழகு, தின்றால் எல்லாம் ஒரே ருசி. காபி படு மோசம். ஏற்காட்டுக் கொட்டையை வறுத்து அரைத்துக் குடிக்கிற வீட்டில் இருந்து போனதால் அப்படித் தோன்றியிருக்கலாம் என்று பார்த்தால், பக்கத்து மேசைப் பஞ்சாபிக் குடும்பமும் அதையேதான் சொன்னது. காலையில் கஞ்சிக்கு வைத்திருக்கும் சூடான பாலைக் கேட்டு வாங்கி, நாம் கொண்டுபோன காபித் தூளைக் கலந்துகொள்வதுதான் வழி.

பல நாட்டுக்காரர்களுக்கும் ஒரே சமையலறையில் செய்யும்போது யாருக்கும் உறைக்காத மாதிரி காரத்தையும் உப்பையும் குறைத்துத்தான் செய்வார்கள். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டாயம். வெந்நீர் ஊற்றினால் உப்புமா ஆகிற கப் பாக்கெட்டுகளும் சில எடுத்துப்போங்கள். கெட்டில் தேவையில்லை, பஃபேயில் டீ எந்திரத்தில் வெந்நீர் வரும். ராத்திரி பிள்ளைகள் பசி என்று எழுந்தால் அதுதான் கைகொடுக்கும். அறைக்கு வரவழைத்தால் சில கப்பல்களில் கொண்டுவரக் கூலி கேட்பார்கள்.

பணத்துக்கு வருகிறேன். "சாப்பாடு எல்லாம் சேர்த்துத்தான்" என்பது பாதி உண்மை. பஃபேயும் பெரிய உணவகமும் டிக்கெட்டில் அடக்கம். தண்ணீர், டீ, சாதாரணக் காபி, காலையில் பழச்சாறு இவற்றுக்கும் காசில்லை. கோலா, மாக்டெயில், பாட்டில் தண்ணீர், ஜப்பானிய உணவகம், ஸ்டேக் உணவகம் எல்லாம் தனி. எதற்கும் ரொக்கம் தர வேண்டியதில்லை, அறை அட்டையைத் தேய்த்தால் போதும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. மகன் நீச்சல் குளத்தோரம் அட்டையைக் காட்டிக் காட்டிக் கோலா வாங்கியிருக்கிறான். ஒவ்வொன்றும் நாலு அமெரிக்க டாலருக்கு மேல், அதன் தலையில் சேவைக் கட்டணம் வேறு. முதல் நாளே வரவேற்பு மேசையில் சொல்லிப் பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்ய முடியாதபடி பூட்டச் சொல்லலாம். கணக்கைத் தினமும் செயலியில் பார்க்கலாம். கடைசி இரவு பார்த்துவிட்டு வரிசையில் நின்று சண்டை போடுவதைவிட அது மேல். இது போக, பரிமாறுகிறவர்களுக்கான டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்குப் பல பெரிய கப்பல்களில் 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும். பெரும்பாலும் குழந்தைக்கும் அதே தொகைதான். நாலு பேர் குடும்பத்துக்கு இது எவ்வளவு என்று பதிவு செய்யும் முன்பே பெருக்கிப் பாருங்கள். கோலாவும் டிப்ஸும் வைஃபையும் சேர்ந்து எனக்கு 30,000 ரூபாயைத் தாண்டியது. ஏஜெண்டின் மதிப்பீட்டுத் தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை.

சுத்தம் விஷயத்தில் குறை சொல்ல இடமில்லை. பஃபே வாசலிலேயே கை கழுவும் தொட்டி வைத்து ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். காரணம் நோரோவைரஸ். வாந்தி பேதி வரவைக்கும் கிருமி, மூடிய இடத்தில் மளமளவென்று பரவும். கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவம் அதை ஒழுங்காகக் கொல்லாது, சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். பிள்ளைகளைக் கட்டாயம் கழுவ வையுங்கள். வயிறு கெட்டுவிட்டது என்று மருத்துவரிடம் போனால் அறையைவிட்டு வெளியே வராமல் இருக்கச் சொல்லிவிடுவார்கள், மருத்துவர் கட்டணமும் டாலரில்தான். பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளோடு அங்கே கப்பலில் போகப் போகிற பெற்றோருக்கு ஒரு செய்தி: அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் சமையலறை, தண்ணீர் எல்லாவற்றையும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் திடீர்ச் சோதனை செய்து 100க்கு மதிப்பெண் போடுகிறது. 86க்குக் கீழே போனால் தேறவில்லை என்று அர்த்தம். கப்பல் பெயரைப் போட்டு இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்தப் பயணத்தில் நாங்கள் வயிறாரச் சாப்பிட்ட இடம் கப்பலில் இல்லை. மலேசியாவின் பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கிறது, ஜார்ஜ் டவுன் நகரத்தின் ஓரத்திலேயே. வாசலில் நிற்கும் டாக்சிக்காரர்களைக் கடந்து கொஞ்ச தூரம் நடந்தால் லிட்டில் இந்தியா. கடைப் பலகைகள் தமிழில், பேச்சு தமிழில். 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. அத்தை கோயிலில் கும்பிட்டுவிட்டு நேராக ஒரு சைவக் கடைக்குள் போய் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் தானே இட்லி சொன்னார். பிறகு வாழை இலைச் சாப்பாடு. பரிமாறிய பையன் "எந்த ஊர்ங்கம்மா?" என்று கேட்க, சேலம் என்றதும் தன் தாத்தா நாமக்கல் பக்கம் என்று சொல்லி ரசத்தை இரண்டு தடவை ஊற்றிவிட்டுப் போனான். நான் பிள்ளைகளோடு பக்கத்தில் நாசி கண்டார் சாப்பிட்டேன், சோற்றில் கறி, மீன் குழம்புகளை ஊற்றித் தரும் பினாங்குச் சாப்பாடு அது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் மதியச் சாப்பாட்டைக் கரையில் வைத்துக்கொள்வதுதான் நல்லது. சமைத்த உணவைக் கட்டி உள்ளே எடுத்துவர விடமாட்டார்கள். ஏற வேண்டிய நேரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. தாய்லாந்துக்குப் போகும் கப்பல் என்றால் அங்கே சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கிய கடிகாரம், கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

ஊருக்கு வந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. பயணிக்காத ஆளுக்குக் கப்பல் கட்டணம் திரும்ப வராவிட்டாலும், துறைமுக வரியும் முன்பே கட்டிய டிப்ஸும் பொதுவாகத் திரும்பக் கிடைக்கும். கேட்டால்தான் கிடைக்கும். வீட்டுக்காரர் பெயரில் கட்டிய வரியைக் கேட்டுக் கப்பல் நிறுவனத்துக்கே எழுதினேன், பணத்தை ஏஜெண்டுக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. ஏஜெண்டு 'சேவைக் கட்டணம்' என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார். எதற்கான சேவை என்று கேட்டு ரசீது கேட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.